அது ஒப்பாரிக் கூட்டம் இல்லை, அண்ணே

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நாங்கள் பதினோரு பேர் உட்கார்ந்து பேசியதை அந்த அண்ணன் "ஒப்பாரிக் கூட்டம்" என்று எழுதியிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறி. அதில் நான்கு பேர் என் சொந்தக்காரர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அது ஒப்பாரி இல்லை. குழந்தைக்காக ட்ரீட்மெண்டில் இருக்கும் பெண்கள், ஒரு மனநல ஆலோசகரை வைத்துக்கொண்டு, ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் கேட்டோம். அவ்வளவுதான்.

"மனசை லேசா வெச்சுக்கிட்டா தானா தங்கும், அதுக்கு எதுக்குக் கூட்டம்?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அக்கா, எங்களைக் கொல்வதே இந்தப் பேச்சுதான். தங்காவிட்டால் என் மனசுதான் குற்றவாளியா? 3,583 பெண்களை வைத்து நடந்த 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு முன் இருந்த மன உளைச்சலால் சிகிச்சை தோற்றதாக அதில் தெரியவில்லை. குழுவில் உட்கார்ந்தால் பிள்ளை பிறக்கும் என்று நாங்களும் சொல்லவில்லை. பிறக்கிறவரைக்கும், பிறக்காமலே போனாலும், நாங்கள் உடையாமல் இருக்க வேண்டாமா?

எனக்கு இது நான்காவது வருஷம். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் தஞ்சாவூர், ஸ்கேன், ரத்தம், மத்தியானம் திரும்பி வந்து சமையல். ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் மஞ்சள் பையில் ஒளித்து வைப்பேன். கரண்ட் போனால் நெஞ்சு அடைக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் உடைந்துபோவார். அம்மாவிடம் சொன்னால் வேண்டுதல் ஒன்று கூடும். ஒருநாள் ஸ்கேன் வரிசையில் பக்கத்தில் இருந்த மன்னார்குடிப் பெண் "ஐஸ் வெச்சுட்டுப் போடுங்க, எரியாது" என்று சொல்லி, புடவையை லேசாக விலக்கித் தன் வயிற்றைக் காட்டினாள். என் வயிற்றில் இருந்த அதே நீலத் திட்டுகள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

"கோயில் இருக்கே" என்கிறீர்கள். நானும் திருக்கருகாவூர் போனவள்தான். படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டு, நெய்ப் பிரசாதம் 48 நாள் சாப்பிட்டேன். பக்கத்தில் இன்னும் ஆறு பெண்கள் மெழுகிக்கொண்டிருந்தார்கள். ஏன் வந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த வாயைத்தான் ஞாயிற்றுக்கிழமை திறந்தோம்.

சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை தர வேண்டும் என்று, செயற்கைக் கருத்தரிப்புக்காக 2021-இல் வந்த சட்டமே சொல்கிறது. எனக்குக் கிடைத்தது, கையெழுத்துப் போடும் முன் ஐந்து நிமிஷம். அதுவும் செலவுக் கணக்கு.

ஆண்களுக்கு? அவர்களுக்கும் வேண்டும், நடத்துங்கள்.

"ஒருத்திக்கு நின்னுட்டா மத்தவங்க வயிறு எரியாதா?" எரியும். பொய் சொல்ல மாட்டேன். எங்களில் ஒருத்திக்குப் பாசிட்டிவ் வந்தபோது, உள்ளே வரத் தயங்கிச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றாள். நான் போய்க் கூட்டி வந்தேன். என் கை நடுங்கியது, அவள் கையும் நடுங்கியது. அதையும் அங்கேயே பேசினோம். வேறு எங்கே பேச முடியும்?

அண்ணே, உங்கள் வீட்டு வளைகாப்பில்தான் சந்தனக் கிண்ணம் என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போனது. நீங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். அன்றைக்கு நான் ஒப்பாரி வைக்கவில்லை. கை கழுவுகிறேன் என்று கொல்லைக்குப் போய் அடிபம்பை அடித்துக்கொண்டே இருந்தேன், அழுவது யார் காதிலும் விழக்கூடாது என்று.

அடுத்த மாதமும் உட்காருவோம். வர நினைக்கிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது.