விறகு வாங்கினேனா, தண்ணி லாரி வாங்கினேனா?

"நல்லா காஞ்ச விறகுங்கக்கா. தீக்குச்சியைக் காட்டினா போதும், பத்திக்கும்." விறகுத் தொட்டிக்காரர் வாக்கு. நானும் காட்டினேன். தீப்பெட்டிதான் காலியானது.

வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரும்புக் கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் பேப்பர், அது எரிந்தது. அப்புறம் சுள்ளி, அதுவும் எரிந்தது. சரி என்று அந்த மகாராஜா கட்டையை மேலே வைத்தேன். "உஸ்ஸ்ஸ்..." என்றது. அறுத்த முனையில் வெள்ளையாக நுரை. நுரை பொங்கிச் சொட்டி, சுள்ளி நெருப்பையும் அணைத்துவிட்டது. விறகே தீயணைப்பு வேலை பார்க்கிறது ஐயா!

கனல் இல்லாததால் புகைக்குழாய் சூடேறவில்லை. குழாய் சூடேறாததால் புகை மேலே போகவில்லை. அடுப்புக் கதவைத் திறந்ததும் மொத்தமும் ஹாலுக்குள். மாமியார் இருமல், எனக்குக் கண்ணீர். புகை போகட்டும் என்று ஜன்னல்களையெல்லாம் திறந்தோம். அதாவது, வீட்டைச் சூடாக்குவதற்காக, உறைபனியில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

போன் போட்டேன். "பனியில லேசா ஈரம் இழுத்திருக்குங்கக்கா. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துங்க." பனி ஈரம் தோலோடு நிற்கும் தம்பி, இது உள்ளிருந்து ஊறுகிறது. இந்த மரம் வேரில் குடித்த தண்ணீர் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அப்புறம், ரேஷனில் எங்களுக்கு மண்ணெண்ணெய் நின்று எத்தனை காலமாச்சு என்று உமக்குத் தெரியாதாக்கும்?

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், விறகை எடை போட்டு விற்கிறார்கள். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். காய்ந்தது என்று சொல்ல அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். பச்சையாக ஒரு டன் வாங்கினால் ஏறக்குறைய 500 லிட்டர் தண்ணீருக்கு விறகு விலை கொடுக்கிறோம். பிறகு நம் அடுப்பில், நம் நெருப்பில், அதைக் காய்ச்சி வானத்துக்கு அனுப்புகிறோம். மிச்சம் சூடு இருந்தால் நமக்கு. அந்த ஈரப்புகை குளிர்ந்த குழாயில் தார் மாதிரி படிந்து, ஒருநாள் குழாயே தீப்பிடித்தால் அதற்குத் தனி பில்.

1843 வாக்கில் வெள்ளைக்காரன் இந்த மலையில் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, கொண்டுவந்து நட்டான். விறகுக்குத்தான். தண்ணீர் உறிஞ்சுவதில் பேர் போன மரம். அதை எடைக்கு விற்றால் யாருக்கு லாபம்? பச்சையிலேயே பிளந்து, காற்று ஓடுகிற மாதிரி அடுக்கி, மேலே மட்டும் மூடி, ஒரு வருசம் விட்டால் காயும். நம்ம ஆள் தலையிலிருந்து கால் வரை நீலத் தார்ப்பாயைச் சுற்றி வைத்திருக்கிறார். விறகுக்கு வேர்க்கிறது!

லோடில் மேல் வரிசை மட்டும் முனை வெடித்த, தட்டினால் "டங்" என்கிற காய்ந்த கட்டை. கீழே எல்லாம் "டொப்". அதே தொட்டியிலிருந்து பேக்கரிக்குப் போகிற சீகை (வாட்டில் மரம்) விறகு மட்டும் எப்படி முழு லோடும் "டங் டங்" என்கிறது? பேக்கரிக்காரர் திட்டினால் காது கிழியும், அதுதான் காரணம். அக்கா என்றால் இளக்காரம்.