பெரியப்பா ஜாகுவார் வாங்கப் போவதில்லைதான்

முந்தாநாள் பதிவில் பெரியப்பா கேட்டதை எழுதியிருந்தேன். ஜாகுவார் என்கிற பிரிட்டிஷ் சொகுசுக் கார் கம்பெனியின் 2024 விளம்பரத்தைப் போனில் காட்டினேன். 30 நொடி. பளிச்சென்ற நிறங்களில் உடுத்திய ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். முடிந்ததும், "வண்டி எங்க கண்ணு?" என்றார். அவ்வளவுதான் பதிவு.

கீழே ஒருவர் வந்து, "உங்க பெரியப்பா என்ன ஜாகுவார் வாங்கவா போறார்?" என்று கேட்டார். அதற்கு 70 லைக். போட்டவர்களில் என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கப் போவதில்லை. 78 வயது, பென்ஷன் கிடையாது. ஆனால் ஒரு காரின் பாரம்பரியம் வாங்குகிறவனுக்கு மட்டும்தான் சொந்தம் என்று யார் எழுதிக் கொடுத்தது?

அந்தக் கம்பெனி எங்கே தொடங்கியது? 1922-இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 21 வயது வில்லியம் லயன்ஸும் அவருடைய கூட்டாளியும் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்து விற்றார்கள். ஜாகுவாரின் பேர்போன எக்ஸ்கே எஞ்சின் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கோவென்ட்ரியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, தொழிற்சாலையில் ராத்திரி தீக்காவலுக்கு உட்கார்ந்த எஞ்சினியர்கள் ஹெய்ன்ஸும் ஹாசனும் பெய்லியும் முதலாளி லயன்ஸோடு பேசிப் பேசி உருவாக்கியது. 1948-இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த அந்த எஞ்சினை 1992 வரை செய்துகொண்டிருந்தார்கள். பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயமான லெமான்ஸில் 1951, 53, 55, 56, 57 என்று ஐந்து வெற்றி. 53-இல் ஜெயித்த வண்டியில் டிஸ்க் பிரேக். அதை மாட்டிக்கொண்டு லெமான்ஸை ஜெயித்த முதல் கார் அதுதான். இன்று நம் தெருவில் பையன்கள் ஓட்டும் பைக்கில்கூட டிஸ்க் பிரேக் இருக்கிறது. இதெல்லாம் வாங்கினவர்கள் செய்ததா? செய்தவர்கள் செய்தது.

"கம்பெனி தடுமாறுது, மாறித்தானே ஆகணும்" என்கிறார்கள். மாறட்டும். மின்சார வண்டி செய்யட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவாரின் இ-டைப் கார் வந்தபோது அதுவும் யாரும் பார்த்திராத புதுசுதான். ஆனால் அவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டிப் பார்க்கக் கூட்டம் தாங்காமல், இன்னொரு வண்டியைக் கோவென்ட்ரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவந்தார் கம்பெனியின் டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ். ஆஸ்டன் மார்ட்டின் காரின் விலையில் ஏறக்குறையப் பாதிக்கு அந்த அழகைக் கொடுத்தார்கள். புதுமை என்றால் அது.

பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியின் கையில் இருந்த காலத்தில் ஜாகுவார் பழுதாகி நடுரோட்டில் நின்றதை ஒருவர் ஞாபகப்படுத்தினார். நின்றது. அதனால் என்ன?

"வெள்ளைக்காரன் கம்பெனி, உனக்கேன் வலிக்குது" என்பது இன்னொருவர். 2008-லிருந்து அது டாட்டாவுடையது. டாட்டா சன்ஸ் தலைவர் சந்திரசேகரன் நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர். 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் டாட்டாவின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே செய்வோம் என்று அப்போதே சொன்னார்கள். அங்கே போல்ட் முடுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயரில் பங்கு உண்டா இல்லையா? அவர்களும் வாங்கப் போவதில்லை.

பெரியப்பா டிங்கர். கோயமுத்தூரில் நாற்பது வருஷம் தகரம் தட்டினவர். எனக்கு ஒன்பது வயசிருக்கும்போது ஒரு மில்காரர் வீட்டு ஜாகுவார் மார்க் 7 ஷெட்டுக்கு வந்தது. எக்ஸ்கே எஞ்சின் போட்ட பெரிய வண்டி. முன் மட்கார்டு நசுங்கியிருந்தது. தட்டி முடித்ததும் பெரியப்பா பனியன் வேஸ்ட் துணியை அதன்மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை முன்னாலிருந்து பின்னால் மெதுவாக இழுத்தார். பாதியில் கை நின்றது. "அரை நூல் மேடு இருக்கு கண்ணு, தொட்டுப் பாரு." தொட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி டாலி என்கிற இரும்புக் கட்டையை அடியில் கொடுத்து, சுத்தியல் பட்டதா இல்லையா என்கிற மாதிரி தட்டினார். அந்த அரை நூலுக்கு, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு, ஒரு பகல் முழுக்கப் போனது. "இந்த வளைவு போட்டவன் லேசுப்பட்டவன் இல்ல, அவன் போட்டத நாம கெடுக்கக்கூடாது" என்றார். அவன் பெயர் பெரியப்பாவுக்குத் தெரியாது. பெரியப்பா பெயர் கோவென்ட்ரியில் யாருக்கும் தெரியாது.

வண்டி முடிந்த அன்றைக்கு முதலாளி வீட்டார் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா படத்தில் விழாதபடி ஒதுங்கி, கேமராக்காரருக்கு வெயில் மறைக்க அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் யாரோ நினைத்திருப்பார்கள், இவர் என்ன வாங்கவா போகிறார் என்று.

அந்த நண்பர் கமெண்டை எடுத்துவிட்டால் நல்லது. நான் பிளாக் பண்ணப்போவதில்லை. பெரியப்பாவுக்கு முகநூல் கிடையாது, கமெண்டை நானும் காட்டவில்லை. அவர்தான், "நான் கேட்டதுக்கு என்ன சொன்னாங்க கண்ணு?" என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்.