குழம்பில் பொடி கலந்தால் குடி நிற்காது

“அவருக்குத் தெரியாமல் மூலிகைப் பொடியைக் குழம்பில் கலந்து கொடுங்கள், 7 நாளில் குடியை மறந்துவிடுவார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. சிங்கப்பூர் தேக்காவில் இரண்டு பேர் என்னிடமே காட்டினார்கள். இது பொய். அப்படிக் குடியை நிறுத்தும் மூலிகை எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும். தே தாரிக் டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாது, வியர்த்துக் கொட்டும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். பொடி வேலை செய்கிறது என்று வீட்டார் நம்பிக் காத்திருப்பதும் அந்த நேரத்தில்தான்! அதுதான் எனக்குப் பயம்.

குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் உண்டு, மருத்துவர் பார்த்துத்தான் தரவேண்டும். புவாங்கோக் மனநலக் கழகத்தில் இதற்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் உடனே 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.