பார்த்த பிறகு பெயரைச் சொல்லுங்கள்

இணையவழியில் நடந்த கலை ரசனைப் பாடம் ஒன்றை இந்தப் பருவத்தில் படித்து முடித்தேன். மனம் நிறையப் பாராட்டவும் அதில் விஷயம் இருக்கிறது, உரக்கச் சண்டை போடவும் விஷயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் பாராட்டு. ஒரு நேரலை வகுப்பில் ஆசிரியர் ஓர் ஓவியத்தைத் திரையில் வைத்தார். வரைந்தவர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை, ஆண்டு இல்லை. "கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். அழகு, சோகம், அமைதி என்று எந்தச் சொல்லும் வரக் கூடாது. நான் சொல்லும்வரை யாரும் பேச வேண்டாம்" என்றார். நேர் வகுப்பில் மௌனம் இயல்பாக இருக்கும். இணைய வகுப்பில் அரை நிமிடம் சத்தம் இல்லையென்றாலே இணைப்பு அறுந்துவிட்டதாகப் பதறுவோம். "சார், கேட்கிறதா?" என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன. "கேட்கிறது. படத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரும் அமைதியாகிவிட்டார்.

படத்தில் ஒரு பெண் மண்பாண்டத்திலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இடப்பக்கம் ஜன்னல். மேசைமேல் ரொட்டி. மஞ்சள் மேலாடை, இடுப்பில் கட்டிய நீலத் துணி. இவ்வளவையும் எழுத அதிக நேரம் ஆகவில்லை. எழுத வேறொன்றும் இல்லை என்று தோன்றியபோதுதான் கண் சுவருக்குப் போனது. வெறும் வெள்ளைச் சுவர் என்று நினைத்திருந்த இடத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. அந்த ஆணிக்கு நிழல்கூட இருக்கிறது. பக்கத்தில், முன்பு எப்போதோ ஆணி அடித்துப் பிடுங்கிய துளைகள். சுண்ணாம்பு பெயர்ந்த தடங்கள். ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. தரையோரம் சிறு சித்திரங்கள் கொண்ட ஓடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. சட்டைக்கையை மேலே சுருட்டிவிட்டிருப்பதால் வெயில் பட்டுச் சிவந்த கையும் துணிக்குள் மறைந்திருந்து வெளுத்த கையும் ஒரே கையில் தெரிகின்றன. எங்களோடு படித்த ஒரு பெண் தையல் தொழில் செய்பவர். அந்த மேலாடையின் தையல் முரடாக இருக்கிறது, இது உழைக்கும்போது உடுத்துகிற துணி என்று அவர் எழுதியிருந்தார். எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

அதன் பிறகுதான் ஆசிரியர் பெயரைச் சொன்னார். டச்சு ஓவியர் யோஹானஸ் வெர்மீர், ஏறத்தாழ 1660, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம். கூடவே ஒரு செய்தியும் சொன்னார். அந்த அருங்காட்சியகம் நவீனக் கருவிகளால் ஓவியத்தை ஊடுருவிப் பார்த்து 2022-இல் ஒன்றை வெளியிட்டது. பெண்ணின் தலைக்குப் பின்னால் முதலில் குடுவைகள் தொங்கும் ஒரு மரச்சட்டத்தை வெர்மீர் வரையத் தொடங்கியிருக்கிறார். கீழே வலப்பக்கம் ஒரு நெருப்புக் கூடையும் இருந்திருக்கிறது. இரண்டையும் அவரே மூடிவிட்டுச் சுவரைச் சுவராக விட்டிருக்கிறார்.

உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. அவ்வளவு நேரம் அந்தச் சுவரை உற்றுப் பார்த்திருந்ததால்தான் சிலிர்த்தது. இதே தகவலைப் பாடத்தின் முதல் வரியாகச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். வரைந்ததை அழித்து ஒரு மனிதர் வெறுமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது அந்த வெறுமையில் ஆணித் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தவருக்குத்தான் உறைக்கும்.

என் கட்சி இதுதான்: முதலில் பார்க்க விடுங்கள், பிறகு சொல்லுங்கள். கலை ரசனைப் பாடம் நடத்துகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்பேன்.

இதற்குக் கல்வியுலகில் நெடுநாளாக ஒரு முறை இருக்கிறது. எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக் கல்வியாளர் வகுத்த நான்கு படிகள்: விவரித்தல், பகுத்தாய்தல், பொருள் காணுதல், மதிப்பிடுதல். எங்கள் பாடமும் இதன் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. ஆனால் நடைமுறையில் முதல் படியை எல்லோரும் தாவிவிடுகிறோம். ஒரு படத்தைக் கண்டதும் "பிடித்திருக்கிறது" அல்லது "எனக்கு இதெல்லாம் புரியாது" என்று நான்காம் படியில் போய் நிற்கிறோம். புரியாது என்று சொல்லும் பலரும் இன்னும் பார்க்கவே தொடங்காதவர்கள். முதல் படிக்கு எந்த முன்னறிவும் வேண்டாம். வரலாறு தெரிய வேண்டாம், கலைச்சொல் தெரிய வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம். தையல் தெரிந்தவர் தையலைப் பார்க்கிறார். தச்சு தெரிந்தவர் மேசைக் காலைப் பார்ப்பார். இவ்வளவு சமமான வாசல் வேறு எந்தப் பாடத்தில் இருக்கிறது?

இனி சண்டை.

இப்படிப் பார்க்கப் பழக்கிய அதே பாடம், வாரக் கடைசியில் என்ன தேர்வு வைத்தது தெரியுமா? ஒரு படம், கீழே நான்கு பெயர்கள், சரியானதைத் தேர்ந்தெடு. ஒரு படம், கீழே நான்கு ஆண்டுகள், சரியானதைத் தேர்ந்தெடு. கணினி நொடியில் திருத்தி மதிப்பெண் போட்டுவிடும். அந்த வசதிக்காக மட்டுமே இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சம்.

அந்தத் தேர்வில் வந்த ஒரு கேள்வியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 'இகாரஸின் வீழ்ச்சி' என்று அறியப்படும் நிலக்காட்சி ஓவியம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. முன்னால் ஓர் உழவர் ஏர் ஓட்டுகிறார். அவருக்குக் கீழே ஓர் இடையர் ஆடுகளுக்கு நடுவே தடியை ஊன்றி வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். ஓரத்தில் ஒருவர் மீன் பிடிக்கிறார். பாய் விரித்த கப்பல் ஒன்று போகிறது. வலது கீழ் மூலையில், கப்பலுக்கு அருகே, தண்ணீரிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருக்கின்றன. மெழுகுச் சிறகு உருகி வானத்திலிருந்து விழுந்த இகாரஸ் அவன்தான். கிரேக்கக் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும்போது உழவரும் இடையரும் மீன் பிடிப்பவரும் பறக்கிற இகாரஸையும் அவன் தந்தையையும் கண்டு வியந்து நிற்பார்கள். ஓவியத்தில் மூழ்குகிறவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உழவரின் கண் உழவுசாலில் இருக்கிறது.

தலைப்பைத் தெரிந்துகொண்டு இந்தப் படத்துக்குள் நுழைந்தால் நேராகக் கால்களைத் தேடுவோம், கண்டுபிடிப்போம், திருப்தியோடு வெளியே வந்துவிடுவோம். தலைப்பு தெரியாமல் நுழைந்தால் உழவரில் தொடங்கி, இடையரைக் கடந்து, கப்பலைப் பார்த்து, மிகவும் தாமதமாக அந்தக் கால்களிடம் வந்து திடுக்கிடுவோம். அதுவரை நாமும் அவனைப் பார்க்காமல் போனவர்களில் ஒருவர்தான் என்று அப்போது புரியும். தலைப்பை முன்னால் சொல்லி அந்தத் திடுக்கிடலை மாணவரிடமிருந்து பறிப்பது அநியாயம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். "இதை வரைந்தவர் யார்?" அவர்கள் வைத்த சரியான விடை: 16-ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல். ஆனால் உண்மை நிலவரம் அவ்வளவு நேரானதில்லை. பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகம் இந்த ஓவியத்தை வாங்கியது 1912-இல். நெடுங்காலம் புரூகலின் கையாகவே கருதப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகளால், இது காணாமல்போன ஒரு மூல ஓவியத்தைப் பார்த்து வேறொருவர் செய்த பிரதியாக இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. இந்த ஐயம்தான் கலை வரலாற்றின் உயிர்! ஒரு மாணவருக்குச் சொல்ல இதைவிடச் சுவையான செய்தி உண்டா? அதை நான்கு பொத்தான்களில் ஒன்றாகச் சுருக்கினால் படத்துக்கும் நீதி இல்லை, மாணவருக்கும் நீதி இல்லை. பார்க்கத் தெரியாதவரும் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கலாம். தையலைக் கவனித்த அந்தப் பெண்ணுக்கு அந்தக் கவனத்துக்காக அரை மதிப்பெண்கூடக் கிடைக்காது.

ஒரு தரப்பு இப்போது குறுக்கிடும்: "திரையில் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா? நேரில் போய் நின்று பார்க்க வேண்டும்." இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உலக அருங்காட்சியகங்களுக்குப் போய்வர வசதி உள்ளவர்கள் எத்தனை பேர்? கலை வரலாறு வகுப்பறைக்குள் வந்ததே பிரதிகளின் தோளில் ஏறித்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் இரண்டு படங்களை அருகருகே திரையில் வீழ்த்தி ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார். இன்றைக்கும் கலை வரலாற்று வகுப்புகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோடானை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1921-இல் பாரிஸில் வெளிவந்தது. அந்தத் திருமேனியின் முன்னால் அவர் நின்றதே கிடையாது. அவர் கையில் இருந்தவை ஒளிப்படங்கள். அவற்றை வைத்துக்கொண்டு வாய், கண், கை, கால் என்று அங்கம் அங்கமாக நின்று நின்று பார்த்து எழுதியிருக்கிறார். ஐரோப்பாவின் மிகப் பெரிய சிற்பி ஒருவருக்கு ஒளிப்படம் போதுமானதாக இருந்திருக்கிறது. பார்வையில் பொறுமை இருந்தால் பிரதியும் நிறையக் கொடுக்கும்.

சில இடங்களில் நேரில் கிடைக்காதது திரையில் கிடைக்கிறது. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த 'இராக் காவல்' ஓவியத்தை 717 கிகாபிக்சல் (71,700 கோடி புள்ளிகள்) அளவில் படமெடுத்து 2022-இல் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உருப்பெருக்கிக்கொண்டே போனால் ஒரு காவலரின் கண்ணில் வைத்த ஒற்றை வெள்ளைத் தீற்றல்வரை போகலாம், வண்ணத்தில் விழுந்த வெடிப்புகள்வரை போகலாம். கூடத்தில் நிற்பவரை எந்த அருங்காட்சியகமும் அவ்வளவு அருகில் விடாது.

ஆனால் ஒரு விஷயத்தில் திரை பச்சைப் பொய் சொல்கிறது: அளவு. வெர்மீரின் ஓவியம் 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம். பிக்காசோவின் 'கெர்னிகா' ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம். என் மடிக்கணினியில் இரண்டும் ஒரே அளவு. 'கெர்னிகா'வின் அளவைப் படித்ததும் அளவு நாடாவை எடுத்து அறைச் சுவரில் அளந்து பார்த்தேன். அகலத்துக்கு ஒரு சுவர் போதவில்லை. மூலை திரும்பி அடுத்த சுவருக்குப் போக வேண்டியிருந்தது. உயரத்துக்குக் கூரை இடித்தது. 1937 ஏப்ரல் 26 அன்று குண்டு வீசி அழிக்கப்பட்ட கெர்னிகா என்ற ஸ்பானிய ஊருக்காக வரையப்பட்ட ஓவியம் அது. அலறுகிற அந்தக் குதிரை என்னைவிடப் பெரியது, இறந்த குழந்தையை ஏந்திக் கதறும் தாய் என் தலைக்கு மேலே முகத்தை உயர்த்தியிருக்கிறாள் என்பது அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. வெர்மீருக்குக் குறித்த இடமோ அதே சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும் இடம்தான். அதன் முன்னால் ஒரே ஒருவர்தான் நெருங்கி நின்று பார்க்க முடியும். ஓர் ஓவியம் நம்மைச் சூழ்ந்துகொள்கிறதா, நம்மைக் குனியச் சொல்கிறதா என்பது அதன் பொருளில் பாதி. பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அளவு எங்கோ பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

வண்ணத்திலும் இதே சிக்கல்தான். ஒரே படம் கைப்பேசியில் ஒரு நீலம், கணினியில் வேறு நீலம். மார்க் ராத்கோ போன்றவர்களின் ஓவியங்களில், வண்ணம் மட்டுமே எல்லாமுமாக இருக்கும் இடத்தில், திரை கைவிட்டுவிடுகிறது. சிற்பங்களைச் சுற்றி வரவும் முடியாது. இவற்றையெல்லாம் பாடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். மாணவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. பதிவு செய்த காணொளிகளை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது இப்போது மாணவர்களிடம் பழகிவிட்டது. கணக்குப் பாடத்துக்கு அது சரிப்படலாம். இந்தப் பாடத்தை அப்படிப் படித்தவர்களோடு பேசியபோது அவர்களிடம் தகவல் நிறைய இருந்தது, ஒரு படத்தையும் பார்த்த நினைவு இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காணொளியில் ஓவியம் பத்து நொடி வந்து போகிறது, மீதி நேரம் முழுக்கப் பேச்சு. அப்படியிருந்தால் யார்தான் வேகத்தைக் கூட்ட மாட்டார்கள்?

பாடத்தின் முடிவில் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். நான் எழுதியது இவைதான். ஒவ்வொரு படத்தையும் முதலில் பெயரில்லாமல் காட்டுங்கள். மாணவர் பார்த்ததை எழுதி அனுப்பிய பிறகே தலைப்பும் ஆண்டும் திறக்கட்டும். அளவைப் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் போடுங்கள், பக்கத்தில் ஒரு மனித உருவத்தையும் நிறுத்துங்கள். பெயர், ஆண்டுக் கேள்விகளை எடுத்துவிட்டு, இதுவரை காட்டாத ஒரு படத்தைக் கொடுத்து ஒரு பக்கம் விவரிக்கச் சொல்லுங்கள். திருத்துவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்பது தெரியும். மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துத் திருத்தலாம். அப்படிப் படிக்கும்போது அந்தத் தையல் கவனிப்பு போல இன்னும் பத்து விஷயங்கள் எல்லோருக்கும் கிடைக்கும்.

பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த பருவத்தின் முதல் நேரலை வகுப்பில் நேரடியாகவே கேட்கப்போகிறேன். இதே பாடத்தை எடுக்கவிருப்பவர்கள் என்னோடு சேர்ந்து கேளுங்கள்.