இதுக்குப் பேரு மாநாட்டுப் பேச்சா?

மாநாடு என்றால் தொண்டை கிழியக் கத்தியே ஆக வேண்டுமா? எந்தக் கட்சியானாலும் இதே கதைதான். வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருமுனை வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். மேடைப் பேச்சு முழுக்க வீட்டுக்குள் வந்து விழுகிறது. மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று ஒவ்வொருவரும் விளித்து முடிப்பதற்குள் பத்தாவது படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிடுகிறது. சரி, அதற்கப்புறமாவது விஷயம் வருமா? எதிர்க்கட்சிக்காரனின் அப்பன் யார், பாட்டன் யார், அவன் எப்படி நடக்கிறான், இதுதான் பேச்சு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, நடுராத்திரியில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இதைப் பற்றி உருப்படியாக நாலு வார்த்தை பேச ஏன் வாய் வரவில்லை? பேசினாலும் அதிலும் "உன் ஆட்சியா, என் ஆட்சியா" என்ற சண்டைதானா?

1949-இல் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நின்று அண்ணாவின் பேச்சைக் கேட்ட வடசென்னை இது. இந்த ஜனங்களிடம் வந்து, கேட்பவனுக்கு மூளையே கிடையாது என்ற தொனியில் பேச எப்படி மனசு வருகிறது?

முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே எதிர்க்கட்சிப் பெண்களைக் கொச்சையாகப் பேசுகிறார்கள். அதற்குத்தான் விசில் பறக்கிறது. மேடையில் இருக்கும் பெரியவர்களோ தடுக்காமல் சிரிக்கிறார்கள். வயிறு எரிகிறது.