கத்தரிக்கோலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

காலையிலிருந்து ஆளாளுக்கு, செயலி நடத்தும் தம்பி ஒருவர் சுகாதார நிலையத்தில் எடுத்துப் போட்ட அந்தக் கேலி வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன் சாமி, போதும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகனே 'அக்கா, உங்க டிபார்ட்மெண்ட் மானம் போகுது' என்று சிரிக்கிற பொம்மையோடு போட்டிருக்கிறான். எல்லாரும் பார்த்ததுதான் என்பதால் முழுக் கதையைச் சொல்லப்போவதில்லை. மருந்து வாங்கும் சன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் மாத்திரை அட்டையின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறாரே, அதைக் கிட்டத்தில் போய்ப் படமெடுத்து, பக்கத்தில் கிடந்த நோட்டையும் காட்டி, 'உலகம் எங்கேயோ போயிடுச்சு, நம்ம மருத்துவம் கத்தரிக்கோலோடு நிக்குது' என்று அந்தத் தம்பி சிரிக்கிறாரே, அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கு அடுத்த நொடியே மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் அவருடைய செயலி வருகிறது, டிரோன் பறக்கிறது, பின்னணியில் இசை வருகிறது. சரி, அவர் பிழைப்பு அவருக்கு.

அந்த மூலையை ஏன் வெட்டுகிறீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநர். வீடியோவில் இருப்பது எங்கள் நிலையம் இல்லை, அந்தப் பெண்ணையும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வெட்டு எனக்குத் தெரியும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, அல்லது கண்ணில் புரை. சர்க்கரைக்கு மெட்பார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு ஒன்று என்று மூன்று நான்கு அட்டை கையில் கொடுக்கிறோம். எல்லாம் ஒரே வெள்ளிநிற அட்டை. 'சிவப்பு மாத்திரையைக் காலையில் போடு பாட்டி' என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் டெண்டர் எடுத்த கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறிவிடும். 'தாயி, ராத்திரிக்கு எது?' என்று மறுபடியும் வரிசை சுற்றி வந்து கேட்பார்கள். அதனால் ராத்திரி அட்டைக்கு மட்டும் ஒரு மூலையை வெட்டிவிடுவேன். கரண்ட் இல்லாவிட்டாலும் விரலால் தடவினால் தெரியும். பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரி தேதியும் அச்சடித்த பக்கத்தை வெட்டக் கூடாது, அது ஒன்றுதான் விதி. சில நிலையங்களில் ரப்பர் பேண்ட் போடுவார்கள், சிலர் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார்கள். இதையெல்லாம் மருந்தாளுநர் படிப்பான டி.பார்ம் புத்தகத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இதுவும் மருத்துவத்தில் புதிதாகச் செய்யப்பட்ட ஒன்றுதான் என்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மருந்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அது வேண்டிய ஆளுக்கு, வேண்டிய நேரத்தில், அவர் வாய்க்குள் போய்ச் சேரும்படி செய்வது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்கிறவர்களை விஞ்ஞானி என்று யாரும் சொல்வதில்லை. மேடை கிடையாது, முதலீடு கிடையாது, இப்போது கேலி மட்டும் கிடைக்கிறது.

எங்கள் கதை வேண்டாம் என்றால் 1971-க்குப் போங்கள். வங்கதேசப் போர் நடக்கிறது. எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது, ஏற்றத் தெரிந்த ஆளும் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் என்ன செய்தார்? குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் கணக்காகத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்மில் நிரப்பி வைத்தார். நோயாளியின் அம்மாவிடம், அண்ணனிடம், யார் கூட வந்தார்களோ அவர்களிடம் குவளையைக் கொடுத்துவிட்டார். ஊற்றிக்கொண்டே இருங்கள் என்றார். அந்த முகாமில் 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பது அதற்கு முன்பே ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரியும். டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் படிக்காத சனங்களிடம் இதை எப்படி ஒப்படைப்பது என்ற தயக்கம் இருந்தது. மகலனாபிஸ் ஒப்படைத்தார். அவர் செய்த பெரிய காரியம் அதுதான். 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று தலையங்கம் எழுதியது. நம் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2023-இல். அவர் 2022-லேயே இறந்துபோய்விட்டார். அந்த முகாமில் நம் தம்பி கேமராவோடு நின்றிருந்தால், 'பாருங்க மக்களே, டிரம்முல உப்புத் தண்ணி கரைச்சுக் கொடுக்கறாங்க' என்றுதான் வீடியோ போட்டிருப்பார்.

அந்த நோட்டையும் பார்த்துத்தானே சிரித்தீர்கள்? அதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் இந்தச் சன்னலுக்கு மருந்து வந்து சேரும் கதையைக் கேளுங்கள்.

என் அப்பா அரசு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். அவருடைய விரல் நுனியில் ஜென்ஷன் வயலெட் என்ற ஊதா நிற மருந்தின் கறை எப்போதும் இருக்கும். சாப்பிடும்போது அம்மா திட்டுவார். அந்தக் காலத்தில் மிக்சர் என்ற தண்ணி மருந்து பெரிய ஜாடியில் இருக்கும், பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் குவார்ட்டர் பாட்டில்தான் வரும், அதைக் கழுவி ஊற்றுவார்கள். மாத்திரையை எண்ணிப் பழைய தாளில் மடித்துக் கொடுப்பார்கள். அதுவாவது இருந்தால் பரவாயில்லை. வந்து இறங்குகிற மருந்துக்கும் ஊரில் இருக்கிற நோய்க்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. கேட்காத மருந்து மூட்டையாகக் கிடக்கும், கேட்ட மருந்து வராது. 'இல்லம்மா, அடுத்த வாரம் வா' என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு அந்த வாசகம் தூக்கத்தில்கூட வரும். ஒருமுறை சாமி கும்பிடப் போன இடத்தில், தேங்காய் பழத்தட்டை நீட்டிய ஐயரிடமே 'அடுத்த வாரம்' என்று சொன்னதாக அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார்.

1994-இல், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக, தனித்தனி விலையில் வாங்கிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்துப் பெயரில் வாங்கினார்கள். மாவட்டத்துக்கு ஒரு சேமிப்புக் கிடங்கு. ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருந்து கிடங்கை விட்டு வெளியே வரும். அட்டையிலேயே தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சு, வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு தொகை ஒதுக்கி, பேங்க் பாஸ்புக் மாதிரி ஒன்று கையில் கொடுத்துவிட்டார்கள். உனக்கு என்ன மருந்து வேண்டும் என்பதை நீயே முடிவு பண்ணிக் கிடங்கில் எடுத்துக்கொள், அதற்கான பணம் அதில் கழியும். ரொக்கம் யார் கையிலும் புரளாது. எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்பதைத் தொண்ணூறுகளிலேயே கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். அதைத் தொடங்கி நடத்திக் காட்டிய ஐஏஎஸ் அதிகாரி பூர்ணலிங்கத்தின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளமும் ராஜஸ்தானும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே வழியில் கழகம் ஆரம்பித்தன. நாம் மீம் போடுகிறோம்.

(எந்த ஆட்சியில் வந்தது என்ற சண்டையைக் கமெண்டில் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் ஆரம்பித்தார், அடுத்தவர் கலைக்காமல் வளர்த்தார். இந்த ஊரில் அதுவே அதிசயம்.)

'அரவிந்த் மாதிரி செஞ்சா ஒத்துக்கலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொன்னால் உடனே எல்லாரும் தலையாட்டுவார்கள், ஹார்வர்டில் பாடமாக வைத்துவிட்டார்களே. டாக்டர் வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அது. அங்கே என்ன மாய இயந்திரமா வைத்திருந்தார்கள்? ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து மற்ற வேலையெல்லாம் அவர்களிடம் விட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் கட்டுப்படியாகவில்லை என்று 1992-இல் ஆரோலேப் ஆரம்பித்துத் தாங்களே செய்தார்கள், இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு. ஆக அங்கேயும் கதை அதேதான். அறுவை சிகிச்சை ஏற்கெனவே இருந்தது, அது ஏழையின் கண்ணுக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் அவர்கள் உண்டாக்கினார்கள். அமெரிக்காக்காரன் பாடம் எழுதினால் கைதட்டுவீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துச் சன்னலில் பார்த்தால் கற்காலமா?

'நீங்க அரசு ஊழியர், அப்படித்தான் பேசுவீங்க' என்பீர்கள். ஆமாம், எனக்குச் சம்பளம் வருகிறது. அந்தத் தம்பிக்கு முதலீடு வருகிறது. அவர் பேசினால் தொலைநோக்கு, நான் பேசினால் சொந்த லாபமா? நல்ல நியாயம்.

'மருந்து இல்லைன்னு வெளியில எழுதித் தர்றீங்களே?' நடக்கிறது. கிடங்கில் ஆய்வக முடிவு வராமல் நிற்கும்போது நடக்கிறது. அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கச் சிறு தொகைக்குத்தான் அனுமதி. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு அது பேச்சு இல்லை.

'அப்போ டிரோனே வேண்டாமா?' நான் எப்போது வேண்டாம் என்றேன்? ருவாண்டாவில் 2016 முதல் மலைமேல் இருக்கும் மருத்துவமனைகளுக்கு டிரோனில் ரத்தம் போகிறது. மணிப்பூரில் 2021 அக்டோபரில் லோக்தாக் ஏரிக்குள் இருக்கும் காராங் தீவுக்குத் தடுப்பூசி கொண்டுபோனார்கள். சாலையும் படகுமாகப் போனால் 26 கிலோமீட்டர், வானத்தில் 15. கால் மணி நேரத்துக்குள் போய் இறங்கியது. அங்கே ஏரி இருக்கிறது, தேவை இருக்கிறது, கும்பிட்டு வரவேற்கிறேன். எங்கள் ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே சுகாதார நிலையம். டிரோனில் வந்து முற்றத்தில் விழுகிற அட்டையில் ராத்திரி மாத்திரை எது என்று பாட்டிக்கு யார் சொல்வது? செயலியில் குரல் வசதி உண்டாம். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன், அதுவும் பேரன் கையில்.

வீட்டுக்கே மருந்து போக வேண்டும் என்கிறாரே, போகிறதே! தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அந்தந்த ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதுகூட வந்தது. விருதுச் செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்? சித்தப்பா மகன் பகிரவில்லை. அவனுடைய அப்பாவுக்கே அப்படித்தான் மாத்திரை வருகிறது. கொண்டுவந்து கொடுக்கிற அந்தப் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பானா தெரியாது. அவர்களுக்குப் பெயர் தன்னார்வலர். அதாவது ஊதியம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஊக்கத்தொகை என்று ஏதோ ஒன்று கொடுத்தால் போதும். வெயிலில் தெருத்தெருவாக நடப்பவருக்கு மாதக் கடைசியில் கையில் நிற்பது என்ன என்று ஒரு வீடியோ எடுங்களேன், நானே பகிர்கிறேன்.

வரிசை நீளம் என்றும் சிரித்திருந்தார்கள். நீளம்தான். சர்க்கரை நோயாளிகள் வரும் நாளில் சன்னலில் ஆரம்பித்து வேப்பமரம்வரை நிற்கும். உள்ளே இருப்பது ஒரே ஆள். சீட்டு வாங்குவது, மருந்து எடுப்பது, சொல்லிக் கொடுப்பது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, சர்வர் மக்கர் பண்ணினால் நோட்டில் எழுதிவைத்து சாயங்காலம் உட்கார்ந்து மறுபடி ஏற்றுவது, வேண்டிய மருந்துக்குப் பட்டியல் எழுதி இண்டென்ட் போடுவது, கிடங்குக்குப் போய்ப் பெட்டியை எண்ணி ஏற்றி வருவது. நீங்கள் பார்த்துச் சிரித்த நோட்டு, சர்வர் படுத்த அன்றைக்கு எழுதும் நோட்டு. நான் லீவு போட்டால் சன்னலில் நர்ஸ் வந்து நிற்க வேண்டும், அப்புறம் அவருடைய வேலையை யார் பார்ப்பது? காலியிடத்தை நிரப்புங்கள் என்று நாங்கள் கொடிபிடித்து நின்றபோது எந்தக் கேமராவும் வரவில்லை. கத்தரிக்கோலுக்கு வந்திருக்கிறது.

அந்த வீடியோவில் முகத்தை மறைக்காமல் போட்டிருக்கிறார்களே, அந்தப் பெண் நாளைக்கும் அதே சன்னலில் போய் உட்கார வேண்டும். வரிசையில் நிற்கிற ஊர்ப் பையன் 'அக்கா, கத்தரிக்கோல் எங்கே' என்பான். அவர் வீட்டிலும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். அவரிடம் அனுமதி கேட்டார்களா என்று கேட்டு அந்தப் பதிவில் ஒரு கமெண்ட் போட்டேன், மரியாதையாகத்தான். அழித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதினேன்.

நான் பணியில் இருப்பதால் ஊர்ப்பெயர் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள். அந்த வீடியோவின் சுட்டியை இந்தப் பதிவின் கீழே போடுகிறவர்களை பிளாக் செய்வேன், சொந்தக்காரர்கள் உட்பட. டேய் தம்பி, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.