விசில் அடித்து மதில் விழவில்லை

நேற்று முகநூலில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நவம்பர் 9 வந்தால் வழக்கமாக வரும் அதே பதிவு, மதிலின் மேல் ஆட்கள் ஏறி நிற்கும் அதே படம், கீழே அதே விசில் பாட்டு, மேற்கு ஜேர்மன் றொக் குழு ஸ்கோர்பியன்ஸின் 'விண்ட் ஒப் சேஞ்ச்', "பேர்லின் மதிலை உடைத்த பாடல்" என்று ஒரு தலைப்பு. நான் மரியாதையாகத்தான் எழுதினேன். அண்ணை, அந்தப் பாட்டு வந்தபோது உடைக்க மதிலே இல்லை, அந்தக் காலத்தை உள்ளே இருந்து பாடிய அல்பம் வேறு, கிழக்கு பேர்லினின் சில்லி என்ற குழுவின் 'பெப்ரவரி', நேரம் இருந்தால் கேளுங்கள் என்று. வந்த பதில்: "சில்லி சிக்கன் தெரியும், இது என்ன தம்பி?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் நாலைந்து பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். சரி, இருக்கட்டும்.

கலண்டரை எடுப்போம். மதில் திறந்தது 1989 நவம்பர் 9. ஸ்கோர்பியன்ஸின் 'கிரேசி வேர்ல்ட்' அல்பம் வந்தது 1990 நவம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஒக்ரோபர் 3, இரண்டு ஜேர்மனியும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பாட்டு தனியாக வெளிவந்தது 1991. பாட்டில் பேர்லின் என்ற சொல்லே கிடையாது, மொஸ்கோதான் இருக்கிறது, ஏனென்றால் 1989 ஓகஸ்டில் அங்கே லெனின் ஸ்டேடியத்தில் நடந்த பெரிய றொக் விழாவுக்குப் போய்வந்த பிறகுதான் ஸ்கோர்பியன்ஸின் பாடகர் கிளவுஸ் மைனே அதை எழுதினார். நல்ல பாட்டு. நானும் குளிக்கும்போது அந்த விசிலை அடிப்பவன்தான். ஆனால் விசில் அடித்து மதில் விழவில்லை. கலியாணம் முடிந்து பந்தி நடக்கும்போது வந்தவரை, தாலி கட்டியவர் என்று சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

'பெப்ரவரி' 1989-இலேயே வந்துவிட்டது, மதில் நிற்கும்போதே. கிழக்கு ஜேர்மனியில் இசைத்தட்டு போட்டது அமிகா, அரசாங்கத்தின் நிறுவனம். வரிக்கு வரி பார்த்துத்தான் விடுவார்கள். இதே குழுவின் முந்தைய அல்பம் ஒன்றைத் தடுத்து, பாட்டுகளையும் தலைப்பையும் மாற்றிய பிறகே 1985-இல் கடைக்கு விட்டார்கள். அப்படி ஒரு முறை சூடுபட்ட சில்லியின் பாடகி தமரா டான்ஸ், கெர்ஹார்ட் குண்டர்மான் என்ற மனிதரை எழுதக் கூட்டிவருகிறார். அவர் முழுநேரக் கவிஞர் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் இராட்சத மண்வெட்டி இயந்திரம் ஓட்டுகிறவர், ஷிப்ட் முடிந்து வந்து பாட்டு எழுதுகிறவர். பேர்லின் தெருக்களில் தொலைந்துபோன பிள்ளைகள் வெப்ப நாடுகளுக்கு ஓடிவிட ஏங்குவதாக அந்த அல்பத்தில் ஒரு பாட்டு வருகிறது. அந்தக் கோடையில்தான் சனம் ஹங்கேரி வழியாக ஓடியது, பிராக்கில் மேற்கு ஜேர்மன் தூதரகத்தின் வேலியில் ஏறிக் குதித்தது. இது தீர்க்கதரிசனம் ஒன்றுமில்லை, தெருவைப் பார்த்து எழுதியது, அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் குழுவைக் காட்டியது நான் வேலை செய்கிற சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ஒரு அம்மா, கிழக்கு பேர்லினின் லிஷ்டன்பெர்க்கில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் துவாயில் சுற்றி அந்த இசைத்தட்டைக் கொண்டுவந்தார். கையை இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் தொட விட்டார். பதினாறு மார்க் பத்து பெனிக் என்றார், விலை இன்றைக்கும் வாயில் நிற்கிறது. நான் என் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். 84-இல் ஏரோஃப்ளொட்டில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் விமான நிலையமான ஷோனஃபெல்டில் இறங்கி, ட்ரான்சிட் விசாவோடு பிரீட்ரிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயில் ஏறி, பொழுதுபடுமுன் மேற்கு பேர்லினில் நின்றவர். எங்கள் ஈழத்து ஆட்கள் எத்தனையோ பேர் வந்த வழி அது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தெருவில்தான் எனக்கு வேலை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சிலர் வருவார்கள், எனக்குத் தெரியும். "அல்பத்தை மேற்கு பேர்லின் ஸ்டூடியோவில்தானே பதிவு செய்தார்கள், சலுகை பெற்றவர்கள்தானே?" ஆமாம், பதிவு செய்தார்கள். திரும்பியும் வந்தார்கள். அதைச் சொல்ல மாட்டீர்களே. 1989 செப்ரெம்பர் 18 அன்று றொக் கலைஞர்கள் ஒரு தீர்மானம் போட்டு, நாட்டில் மாற்றம் வேண்டும், பேச விடுங்கள் என்று எழுதி, கச்சேரி மேடைகளில் வாசித்தார்கள். முன்னின்றவர்களில் தமரா டான்ஸ் ஒருவர். அன்றைக்கு மதில் விழும் என்று யாருக்குத் தெரியும்? பெய்ஜிங்கில் ஜூன் மாதம் மாற்றம் கேட்ட சனத்தை இராணுவம் சுட்டது எல்லாருக்கும் தெரியும்.

"குண்டர்மான் ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர்." ஸ்டாசி என்றால் கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸ். அதுவும் உண்மை. பின்னால் அவரையே ஸ்டாசி கண்காணித்ததும் உண்மை. இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஆனால் இதைக் கேட்கிறவர்கள் நேற்றுவரை அவருடைய பெயரையே கேள்விப்படாதவர்கள், அதுதான் எரிச்சல்.

"யாருக்கும் தெரியாத குழு" என்கிறீர்கள். யாருக்கு? மதில் விழுந்ததும் கிழக்குச் சனமே கிழக்குத் தட்டுகளைத் தூக்கிப் போட்டது, எல்லாருக்கும் மேற்குச் சாமான் வேண்டியிருந்தது. கச்சேரிக்கு ஆள் குறைந்தது. தமரா 1996-இல் மார்பகப் புற்றுநோயில் போனார், வயது 43. உள்ளே நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பாடினவர்களை மறந்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் வெளியே சத்தமாகப் பாடியதைத்தான் ஒவ்வொரு நவம்பரிலும் போடுகிறோம். நாங்களாவது இதைச் செய்யலாமா? ஊரில் நின்றவன் ஏன் மெதுவாகப் பேசுகிறான் என்று இங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து கேட்கிற ஆட்கள் அல்லவா நாங்கள். கோபம் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அழிக்க மாட்டேன்.

இன்று காலை வேலையில், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். முகநூலில் ஒரு சண்டை, உங்கள் தமராவைப் பற்றித்தான் என்றேன். சந்தோசப்பட்டார், என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டார். அந்தச் சில்லி சிக்கன் பகிடியை ஜேர்மன் மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.